பெயரும் இடமும்: தகவல்மைய வலையமைப்பு பற்றிய ஒரு மதிப்பீடு

தகவலை வேண்டுவோர் முதலில் அது இருக்கும் கணினியை அடைய வேண்டும் என்பது இன்றைய இணையத்தின் அடிப்படை விதி. இவ்விதியை மாற்றியமைக்க எழுந்ததே தகவல்மைய வலையமைப்புக் கோட்பாடு. 2009ஆம் ஆண்டில் வான் ஜேக்கப்சனும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையும், 2010இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ‘பெயரிட்ட தரவு வலையமைப்பு’த் திட்டமும் இதற்குச் செயல்வடிவம் தந்தன. இம்முறையில், வேண்டுவோர் தகவலின் பெயரை மட்டுமே விடுப்பர். வழியிலுள்ள எக்கணுவில் அதன் படி இருப்பினும் அதுவே விடையளிக்கும். ஆக்கியோரின் மின்னொப்பம் தகவலோடு பிணைந்து வருதலின், அதனைக் கொணர்ந்தவர் யார் என்பது பொருட்டன்று.

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து முற்றிலும் புதியதன்று. ஏட்டுச்சுவடிக் காலத்தில் நூல்கள் பெயராலேயே தேடப்பட்டன; மடத்தில் கிடைத்த படியும் புலவர் வீட்டில் கிடைத்த படியும் அந்நூலாகவே கொள்ளப்பட்டன. எனினும், பெயர் ஒன்றாயிருக்கப் பாடம் பலவாயிருந்தமையே சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் எதிர்நோக்கிய பேரிடராகும். புதிய கோட்பாடு, ஒருமுறை பெயரிட்ட தகவலை மாற்றலாகாது என்றும், திருத்தம் வேறொரு பெயர் பெற வேண்டும் என்றும் விதித்து அவ்விடரைக் கடக்க முயல்கிறது.

இம்முயற்சி எத்துணைப் பயன்தரும் என்பதைத் திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டியை முன்னிறுத்தி நோக்கலாம். மாவலியின் கீழ்ப்படுகையை அடுத்த இப்பகுதிக்கு வெள்ளம் புதியதன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது மாவலியின் கீழ்ப்படுகை வெள்ளத்துக்குள்ளாயிற்று. நாட்டின் பல பகுதிகளில் தொலைத்தொடர்பும் அறுந்தது. அத்தகைய வேளையில், ஆற்றின் நீர்மட்டத்தை அயல்வீட்டுக் கைபேசி அறிந்திருந்தும், தொலைவிலுள்ள கணினியை அடைய இயலாமையால் அடுத்த வீட்டார் அதனை அறியாதிருத்தல் கூடும். கைபேசிகள் தம்முள் நேரே வானலையால் தொடுக்கப்பட்டு, ‘மாவலி, கிளிவெட்டி, நீர்மட்டம்’ என்ற பெயரால் தகவலை வேண்டுமாயின், அயல்வீடே விடையளிக்கும். இக்கோட்பாட்டின் வலிமை இதுவே.

ஆயின், இதனோடு அமைந்துவிடுதல் தகாது. காலை 6 மணிக்கு அளந்த நீர்மட்டம் நண்பகலிலும் அதே மின்னொப்பத்தோடு உலவும். ஒப்பம் மெய்; செய்தியோ காலங்கடந்தது. வெள்ளத்தில் இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகும். தகவலின் புதுமைக் காலத்தைக் குறிக்க இவ்வமைப்பில் வழியுண்டு. எனினும், துண்டிக்கப்பட்ட ஊரில், இதனினும் புதிய அளவு வேறெங்கோ உண்டா என்பதை எக்கணுவும் உறுதியாய்க் கூறவியலாது. ஆதலின், அளந்த நாளும் மணியும் பெயரிலேயே இடம்பெற வேண்டும். செய்தி எத்துணைப் பழையது என்பதைச் செயலி மக்களுக்கு மறையாது காட்ட வேண்டும்.

அடுத்து எழுவது நம்பிக்கை பற்றிய வினா. ஒப்பம் இன்னார் எழுதினார் என்பதை நிறுவும். எழுதியது உண்மை என்பதை நிறுவாது. எவருடைய ஒப்பத்தை ஏற்பது என்பது கணிதத்தால் தீர்வதன்று, ஊராரும் அதிகாரிகளும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டுவதாகும். மேலும், பல ஊரார் அளந்தெழுதும் குறிப்புகளை மைய வழங்கி ஒன்று தொகுத்த நிலை மாறி, ஒவ்வொரு கைபேசியும் தன்னிடமுள்ள பெயர்ப்பட்டியலை அயலாரதனோடு ஒப்புநோக்கி விடுபட்டவற்றைப் பெறவேண்டியதாகிறது. வெள்ளத்தால் பிரிந்த இரு கரைகளின் பட்டியல்களும் மீண்டும் இணையும்வரை வேறுபட்டேயிருக்கும். அவ்வேறுபாட்டைப் பிழையென ஒதுக்காது, இயல்பெனக் கொண்டு வகுக்கப்படும் செயலியே நின்று பயன்தரும்.

எனவே, தகவல்மைய வலையமைப்பு வடிவமைப்போரின் சுமையைக் குறைக்கிறது எனக் கூறுவது பாதி உண்மையே. வழிதேடும் சுமையை அது ஏற்கிறது. பெயரிடல், காலங்காணல், நம்பிக்கை கொள்ளல் ஆகிய சுமைகளைச் செயலியை வகுப்போரிடமே ஒப்படைக்கிறது. தகவலை இடத்தினின்று விடுவிக்கலாம். ஆயின், அத்தகவலை நம்பி வீட்டைவிட்டு வெளியேறுவதா, தங்குவதா என முடிவுசெய்யும் மனிதன் ஓரிடத்திலேயே நிற்கிறான். அவன் நிற்கும் இடத்தினின்று வகுக்கப்படாத பெயர்முறை, எத்துணை நுட்பமுடையதாயினும், அவனுக்கு உதவாது.