உடலசைவும் தன்னறிவும்: பெல்டென்கிறைஸின் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

வயது ஏற ஏற உடல் இறுகுவது இயற்கையின் நியதி என்றும், அதனை வெல்வதற்குக் கடுமையான தேகப்பயிற்சியே வழி என்றும் கருதுவது பொதுவழக்கு. இவ்விரு கருத்துக்களையும் ஒருங்கே மறுத்தெழுந்த நூல், மொஷே பெல்டென்கிறைஸ் (1904–1984) எழுதி 1972ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘அசைவின் வழி விழிப்புணர்வு’ ஆகும். இந்நூலின் சிறப்பையும், அது தனக்குத்தானே வகுத்துக்கொண்ட எல்லையையும் ஒருசேர நோக்குதல் பயனுடையது.

இன்றைய உக்ரேனிலுள்ள ஸ்லாவுத்தா என்னும் ஊரிற் பிறந்த பெல்டென்கிறைஸ், இளமையிலேயே பலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்து, பின்னர் பாரிசிற் பொறியியலும் பௌதிகமும் பயின்றவர். ஜூடோக் கலையில் தேர்ந்தவர். முழங்காலில் ஏற்பட்ட காயமே அவரைத் தம் அசைவுகளைத் தாமே நுணுகி ஆராயத் தூண்டியது. உடலைப் பற்றி எழுதும்போதும் அவரது நடையில் மருத்துவரின் ஆறுதலுரையைக் காட்டிலும் பௌதிகவியலாளரின் தருக்கமே மேலோங்கி நிற்பதற்கு இப்பின்னணி காரணம் எனலாம்.

மனிதன் தன்னைப் பற்றி மனத்திற் கொண்டுள்ள படிமத்துக்கு ஏற்பவே இயங்குகிறான் என்பது நூலின் அடிப்படைக் கருத்து. புலனுணர்வு, மனவெழுச்சி, சிந்தனை, அசைவு ஆகிய நான்கும் ஒவ்வொரு செயலிலும் இணைந்துள்ளன. இவற்றுள் அசைவிலேற்படும் மாற்றமே எளிதில் அறியத்தக்கது. ஆதலின் அதுவே திருத்தத்தின் வாயிலாகிறது. முயற்சி மிகுந்தால் நுண்ணுணர்வு மங்கும் என்பதற்கு ஜேர்மன் உடற்றொழிலியலாளர் வெபரின் விதி துணையாகிறது. அரிசி மூட்டையைச் சுமப்பவன் அதன்மேல் விழுந்த நாணயத்தின் பாரத்தை உணரான். உள்ளங்கையில் இலையை ஏந்தியவன் உணர்வான். எனவே மெதுவாகவும் சிறிதாகவும் அசைவது சோம்பலன்று, அறிதலின் நிபந்தனையே என நூல் நிறுவுகிறது. உடற்பயிற்சியைக் கல்வியாக மாற்றிய இச்சிந்தனையே அதன் தலையாய பங்களிப்பு.

நூலின் இரண்டாம் பகுதி பன்னிரண்டு பாடங்களால் ஆயது. கற்பவர் பெரும்பாலும் தரையிற் கிடந்து ஓர் அசைவை மெல்லப் பலமுறை செய்து, இடையிடையே இளைப்பாறி, உடலின் இருபுறங்களையும் ஒப்புநோக்க வேண்டும். சில அசைவுகளைக் கற்பனையில் மட்டுமே நிகழ்த்தவேண்டும். டெல் அவிவ் நகரின் அலெக்சாண்டர் யனாய் வீதியில் ஆசிரியரின் குரலாற் குழுவினருக்கு நிகழ்ந்த போதனை இது. அச்சேறியபோது அக்குரல் கட்டளைத் தொடர்களாக வறண்டுவிடுகிறது. புத்தகத்தைக் கையிற் பிடித்தவாறு படுத்திருப்பவர் கழுத்தை எங்ஙனம் தளர்த்துவார்? முதற்பகுதியின் தெளிவு இங்கு வாய்க்கவில்லை.

இதனினும் முக்கியமான குறைபாடு கருத்தளவிலானது. பரம்பரை, கல்வி, தன்னைத்தான் கற்பித்தல் ஆகிய மூன்றும் தற்படிமத்தை உருவாக்குவதாக ஆசிரியர் கூறுகிறார். சமூகம் மனிதனின் சாதனையை மதித்து அவனை மறப்பதையும், அதனால் அவன் முகமூடி அணிந்து வாழ்வதையும் கூர்மையாகக் காட்டுகிறார். ஆயினும் பரிகாரம் கூறுமிடத்து மூன்றாவதை மட்டுமே பற்றிக்கொள்கிறார். நோயைச் சமூகத்திற் கண்டவர், மருந்தைத் தனிமனிதனிடமே ஒப்படைக்கிறார். நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணின் தோள் இறுகுவதற்கு அவளது கவனக்குறைவு காரணமாகாது. உற்பத்தி இலக்கின் நிர்ப்பந்தமே காரணம். மெதுவாகச் செய்வதற்கும் ஓய்வு வேண்டும். அவ்வோய்வு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை நூல் பொருட்படுத்தவில்லை.

பயன் பற்றிய ஐயமும் உண்டு. 2015ஆம் ஆண்டில் வெளியான அவுஸ்திரேலிய அரசின் மீளாய்வொன்று, இம்முறை உட்படப் பல இயற்கைச் சிகிச்சைகளுக்கு நம்பத்தகுந்த சான்று போதாதென முடிவுசெய்தது. சான்று போதாமை பயனின்மைக்கு நிரூபணமாகாது. எனினும் அடியவர்களின் மிகைக்கூற்றுக்களுக்கு அது தக்க கடிவாளமாகும்.

இவற்றைக் கொண்டு இந்நூலை வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதலும் பொருந்தாது. வலிக்கப் பழகியவர் வலியை இயல்பென்றே கொள்வர். மிகையான முயற்சிக்கும் இலகுவான அசைவுக்குமுள்ள வேறுபாட்டைத் தம் உடலில் ஒருமுறையேனும் உணர்ந்தவர், தம்மீது சுமத்தப்பட்டதைச் சுமை என்று இனங்காண்பர். அச்சுமையை இறக்குவதற்குத் தரைவிரிப்பு மட்டும் போதாது. ஆயினும் அதனை இனங்காணாதார் இறக்கவும் முனையார். பெல்டென்கிறைஸ் நிறுத்திய இடத்திலிருந்து மேலே செல்லவேண்டியது வாசகரின் கடன்.