சிறார் கார்ட்டூனில் பாப் பாடகர் பகடி

பகடி என்பது மூலத்தை அறிந்தார்க்கே இன்பம் பயக்கும் என்பது திறனாய்வாளர் பலரும் உடன்படும் கொள்கை. மூலம் அறியாதான் போலியைக் கண்டு நகுதற்கு இடமில்லை என்பர். இக்கொள்கை முற்றும் உண்மையாயின், சிறுவர்க்கென ஆக்கப்படும் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களில் பாப் பாடகரைப் பகடி செய்தல் வீண்செயலேயாகும். தான் பிறப்பதற்கு முன்னரே கலைந்துபோன இசைக்குழு ஒன்றை ஏழு வயதுச் சிறுவன் எங்ஙனம் அறிவான்? அவன் அறியாவிடினும் உடனமர்ந்து காணும் பெற்றோர் அறிவர், அவர்க்காகவே அது வைக்கப்பட்டது என்று விடை கூறுவார் உளர். இவ்விடை ஒரு பாதியே உண்மை. சிறுவனும் நகுகின்றான். அவன் எதனைக் கண்டு நகுகின்றான் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் இவ்வழக்கம் பழையது. 1960இல் தொடங்கிய 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' கற்கால மாந்தர்மீது இருபதாம் நூற்றாண்டு வாழ்வை ஏற்றி நகை விளைத்தது. நடிகையும் பாடகியுமாகிய ஆன்-மார்கரெட் 1963இல் அதில் தோன்றினார். பாறை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பெயரின் ஈற்றில் ஏற்று 'ஆன்-மார்க்ராக்' ஆகித் தம் குரலிலேயே பாடினார். இதனைப் பகடி என்பதினும் விருந்தோம்பல் என்பதே பொருந்தும். 1965இல் ஏபிசி நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கிய 'தி பீட்டில்ஸ்' தொடரிலோ பாடல்கள் மட்டுமே அந்நால்வருடையன. நால்வர்க்கும் பேச்சுக்குரல் தந்தோர் பால் ஃப்ரீஸ், லான்ஸ் பெர்சிவல் என்னும் இருவர். பாடகரின் புகழைக் கடன் பெறுதலே இவற்றின் நோக்கமாதலின் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிக்கலோடியன் அலைவரிசையில் 2001இல் தொடங்கிய 'தி ஃபேர்லி ஆட்பேரன்ட்ஸ்' தொடரில் வரும் சிப் ஸ்கைலார்க் வேறு வகையினன். இளைஞர் சிலரைத் தேர்ந்து கூட்டி, ஆடவும் பாடவும் பயிற்றிச் சந்தைக்கு விடும் 'பாய் பேண்ட்' முறை 1990களின் இறுதியில் ஓங்கியிருந்தது. 1995இல் ஆர்லாண்டோ நகரில் தோன்றிய 'என்சிங்க்' அத்தகைய குழுக்களுள் ஒன்று. சிப் அவ்வகைப் பாடகனின் வார்ப்பு. அவனுக்குக் குரல் தந்தவரோ அக்குழுவின் உறுப்பினராகிய கிறிஸ் கர்க்பாட்ரிக்கே. சிப் பாடும் பாட்டுகளுள் பெரிதும் அறியப்பட்டது அவன்தன் பற்களைப் பற்றியது. காதற்பாட்டுக்குரிய மெட்டும் உருக்கமும் குழைவும் அதில் குறைவின்றி உள்ளன. காதலி நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் பாடுவானின் பற்கள் நிற்கின்றன. இந்நகையை நுகர என்சிங்க் குழுவை அறிந்திருத்தல் வேண்டா. உருக்கத்திற்கும் உருகப்படும் பொருளுக்கும் உள்ள பொருந்தாமை ஏழு வயதுச் செவிக்கும் புலனாகும். அப்பாட்டு தன்னளவில் நல்ல பாட்டு என்பதும் மறக்கற்பாலதன்று. பகடி என்பதை அறியாமலே அதனைப் பாடித் திரியலாம்.

நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கினைத் தொல்காப்பியர் வகுத்தார். அவற்றுள் எள்ளலை விளக்கப் புகுந்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலேயன்றிப் பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் உண்டு என்பர். கர்க்பாட்ரிக் செய்தது இப்பிற்கூற்றின்பாற்படும். தம் தொழிலின் வெறுமையைத் தம் குரலாலேயே நகைக்க இசைந்தார். எள்ளப்படுவானே எள்ளலிற் பங்கு கொள்ளுமிடத்து வன்மம் தங்குவதில்லை. சிறுவன் காண்பதோ எள்ளலன்று. தன் பல்லைத் தானே காதலிப்பான் ஒருவனின் பேதைமை. ஒரே பாட்டு அறிந்தார்க்கு எள்ளலாகவும் அறியார்க்குப் பேதைமையாகவும் நின்று இருசாரார்க்கும் நகை தருகின்றது. மூலம் அறியாதார்க்குப் பகடியில்லை என்னும் கொள்கை, நகையின் களன் ஒன்றே எனக் கருதியதால் எழுந்த பிழை என்க.

இதே தொடரைப் படைத்த புட்ச் ஹார்ட்மனின் 'டேனி ஃபேன்டம்' தொடரில், 2004இல், எம்பர் மக்லெய்ன் என்னும் பேய்ப்பாடகி வருகின்றாள். கூட்டம் தன் பெயரை உரக்கக் கூவுந்தோறும் அவள் ஆற்றல் பெருகும். இப்பகடி தனியொருவரைச் சாராது புகழின் இயல்பையே சார்ந்தது. கூட்டத்தின் மயக்கத்தைத் தெளிவிப்பது நாயகனின் நண்பன் டக்கரின் சுருதி சேராப் பாட்டு. நல்லிசையால் வென்ற கதைகள் பல உள. கெட்ட இசையால் வென்றதாக நாம் அறிந்த கதை இதுவொன்றே.

பகடி இங்ஙனம் அமையாத இடமும் உண்டு. கிரெய்க் மெக்ராக்கன் படைத்த 'பவர்பஃப் கேர்ள்ஸ்' தொடரில் 2001இல் வந்த 'மீட் தி பீட் ஆல்ஸ்' என்னும் கதை அது. தலைப்பே 1964இல் அமெரிக்காவில் வெளிவந்த பீட்டில்ஸ் இசைத்தட்டின் பெயரைத் திரித்து, எல்லாரையும் அடிப்போர் என்னும் பொருளும் தோன்ற வைத்தது. மோஜோ ஜோஜோ என்னும் குரங்கு முதலாய தீயோர் நால்வர் ஒரு குழுவாகின்றனர். உரையாடலின் பெரும்பகுதி பீட்டில்ஸ் பாட்டுகளின் பெயர்களாலும் தொடர்களாலும் கோக்கப்பட்டுள்ளது. அறிந்தார் அவற்றை ஒவ்வொன்றாக இனங்கண்டு மகிழ்வர், நாமும் மகிழ்ந்தோம். சொற்கோப்பின் திறத்தை மறுப்பார் இலர்.

ஆயின் கதை முடிச்சு யாது? மோக்கோ ஜோனோ என்னும் பெண்குரங்கின்பால் மோஜோவின் மனம் செல்லக் குழு உடைகின்றது. இவள் யோகோ ஓனோவின் போலி என்பது அறிந்தார்க்கு வெளிப்படை. மோஜோ குரங்காதலின் துணையும் குரங்காயிற்று என அமைதி கூறலாம். எனினும் ஜப்பானில் பிறந்த கலைஞர் ஒருவரைக் குரங்காக வரைந்தமை நமக்கு உவப்பாக இல்லை. பெண்ணொருத்தி குழுவைக் கலைத்தாள் என்பதோ அக்குழுவின் அன்பர் சிலர் நெடுநாள் சுமத்தி வந்த பழி. மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் 1967இல் இறந்ததும், 1969இல் ஆலன் கிளைனை மேலாளராக்குவதில் மெக்கார்ட்னி ஏனைய மூவரோடு முரண்பட்டதும், 1970இன் இறுதியில் வழக்கு நீதிமன்றம் சென்றதும் அக்கதையில் இடம்பெறா. குழுவை உடைத்தவர் ஓனோ அல்லர் என மெக்கார்ட்னியே 2012இல் வெளிப்படக் கூறினார்.

அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இருவகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். பழிகரப்பில் மொழி மறைந்து நிற்கும். கேட்போன் உய்த்துணர்ந்து பழி இன்னது, பழிக்கப்பட்டான் இன்னான் எனக் காண்பான். இக்கதை சிறுவனிடம் செல்லுங்கால் இம்முறை தலைகீழாகின்றது. பழி அவனுக்கு வெளிப்படை. பழிக்கப்பட்டவரே மறைந்து நிற்கின்றார். சிப்பின் பாட்டில் மூலத்தை நீக்கினால் எஞ்சுவது பேதைமையின் நகை. இங்கு மூலத்தை நீக்கினால் எஞ்சுவது, ஆடவர் கூட்டத்தைப் பெண் கெடுப்பாள் என்னும் வெற்றுரை.

சிறுவனுக்கு ஓனோ இன்னார் என்றே தெரியாதாகையால் தீங்கில்லை என்பார்க்கு ஒன்று கூறுவோம். அவன் வளர்ந்து பின்னொருநாள் அப்பெயரைக் கேட்குங்கால் புதிய செய்தியொன்றைக் கேட்பானல்லன்; தான் முன்னரே கண்டதொரு கதைக்கு உரியவரின் பெயரைக் கேட்பான். 2021இல் பீட்டர் ஜாக்சன் தொகுத்தளித்த 'கெட் பேக்' ஆவணப்படத்தில், 1969ஆம் ஆண்டு ஒத்திகைகளின்போது ஓனோ லென்னனின் அருகே பெரும்பாலும் வாளா அமர்ந்து செய்தித்தாள் படிப்பதைக் காண்கிறோம். அப்படம் ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஓடுவது. கார்ட்டூன் கதையோ அரை மணிக்குள் முடிந்துவிடுகின்றது.