மூன்று வாரத்தில் பழகாத முழங்கால்

பொங்கலுக்கும் ஊர் நோம்பிக்கும் திருப்பூர் வட்டாரத்தில் கபடிப் போட்டிகள் களைகட்டும். ஆடுகிற இளைஞர்களில் பலர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் நின்று கட்டிங்கும் அயர்னும் பார்ப்பவர்கள். போட்டி நோட்டீஸ் வந்த பிறகுதான் தண்டாலும் பஸ்கியும் தொடங்கும். மூன்று வாரத்தில் தசைக்குத் தெம்பு வந்துவிடும். ஆனால் தசையை எலும்போடு கட்டும் நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது புதிய சுமைக்குப் பழக மாதக்கணக்காகும். தசை முந்த, நாண் பின்தங்கினால் முழங்கால் வலி வராமல் என்ன செய்யும்?

ஆகவே நாணையும் ஜவ்வையும் தனியே பழக்கும் பயிற்சிகளை நான் மனமார ஆதரிக்கிறேன். முழங்காலிட்டு உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கும் நார்டிக் பயிற்சியை டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளிடம் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி செய்த அணிகளில் பின்தொடைக் காயம் 15; செய்யாதவற்றில் 52. இதற்கு ஜிம் வேண்டாம், கணுக்காலைப் பிடித்துக்கொள்ள ஒரு கூட்டாளி போதும்.

சிக்கல், இந்த வெற்றியை எல்லா நாணுக்கும் நீட்டுவதில் இருக்கிறது. 1998இல் சுவீடன் மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃபிரெட்சன், குதிகால் நாண் வலியால் ஓட முடியாத 15 பேருக்கு 12 வாரம் கெண்டைக்கால் பயிற்சி கொடுத்தார். அனைவரும் மீண்டும் ஓடினார்கள். வலியைத் தீர்த்த பயிற்சி, வலி வராமலும் காக்கும் என்று பலர் நம்பினார்கள். 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, டென்மார்க்கின் 209 தொழில்முறை கால்பந்து ஆட்டக்காரர்களிடம், குதிகால் நாணுக்கும் முழங்கால் நாணுக்கும் அத்தகைய பயிற்சி கொடுத்து அதைச் சோதித்தது. காயம் குறையவில்லை. வலியே தெரியாமல், ஸ்கேனில் மட்டும் முழங்கால் நாணில் மாற்றம் தெரிந்தவர்களுக்கு, அதே பயிற்சியால் காயம் கூடியது. ஸ்கேன் பார்க்க வழியில்லாத நம் ஊர் அணிகள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

நாணை வலுப்படுத்தும் என்று சொல்லும் கொலாஜன் பவுடர் விளம்பரங்களுக்கு உரம் சேர்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் இருந்தவர்கள் 8 பேர்தான். காயம் குறைந்ததா என்று அது பார்க்கவே இல்லை.

பயிற்சிக்கும் ஓர் எல்லை உண்டு. கபடியில் பாடிப் போகும் ரெய்டரின் கணுக்காலை ஒருவர் பிடித்திருக்க, மூவர் மேலே விழுந்து முழங்கால் முறுகும்போது, பழகிய ஜவ்வும் கிழியலாம். அங்கே உதவுவது பிடிக்கும் முறையும் விழும் பழக்கமும் சமமான களமும்தான்.

அணி நடத்துகிறவர்களே, பொங்கல் போட்டிக்குப் புரட்டாசியிலேயே தொடங்குங்கள். வாரம் இரண்டு நாள் போதும், சுமையைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள். முழங்கால் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அன்றே பயிற்சியை நிறுத்திப் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்புங்கள்.