விம் எடிட்டரின் 'ஆர்க்டூ': பாதி வேலையில் நிற்கும் கட்டளை

பல கோப்புகளில் ஒரே திருத்தத்தைச் செய்ய விம் எடிட்டர் தரும் கட்டளை 'ஆர்க்டூ'. கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, சொன்ன திருத்தத்தைச் செய்துகொண்டே போகும்; சேமிக்கும் கட்டளையையும் சேர்த்துக் கொடுத்தால் சேமித்துக்கொண்டும் போகும். நடுவில் ஒன்றில் பிழை வந்தால் அங்கேயே நின்றுவிடும், மிச்சத்தைத் தொடாது. பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட இந்த எடிட்டரின் வேகம் ஊரறிந்தது. அன்றாடம் புழங்குபவரைச் சலிக்க வைப்பது இந்த ஒரு குணம்தான்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியர் கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி மட்டுமே. அதைப் பற்றிய பழைய குறிப்புகளைச் சீர்செய்வதாக வைத்துக்கொள்வோம். கோட்டையின் பகுதிகளான கல்யாண மகால், கிருஷ்ணகிரி, சந்திரகிரி, ராஜகிரி என ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக நான்கு கோப்புகள். 'செஞ்சிக்கோட்டை' என்று சேர்ந்திருப்பதைப் பிரித்தெழுத வேண்டும். கிருஷ்ணகிரிக் கோப்பில் அந்தச் சொல் இல்லையென்றால் 486ஆம் எண் பிழையைக் காட்டிக் கட்டளை நிற்கும். கல்யாண மகால் திருந்தியிருக்கும். சந்திரகிரியும் ராஜகிரியும் பழையபடியே கிடக்கும். மறுபடி ஓட்டினால் இன்னும் மோசம். கல்யாண மகாலில் திருத்த இப்போது எதுவும் இல்லையே, முதல் கோப்பிலேயே நின்றுவிடும்! திருத்த ஒன்றும் இல்லாததைப் பிழையாகக் கருதுவதே தவறு. யூனிக்ஸின் 'செட்' என்ற திருத்தக் கருவி அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த கோப்புக்குப் போய்விடும்.

திருத்தக் கட்டளையின் கடைசியில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால், சொல் கிடைக்காததை விம் பொறுத்துக்கொள்ளும். 'சைலன்ட்' என்பதை ஆச்சரியக்குறியோடு முன்னால் போட்டால் எல்லாப் பிழையும் அடங்கும். இதை நம்பவே கூடாது: எழுத அனுமதியில்லாத கோப்பில் சேமிப்பு தோற்றாலும் திரையில் ஒன்றும் தெரியாது.

தமிழில் 'ஈ'யும் முழுப் பாதுகாப்பு அல்ல. 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விம்முக்கு வேறு வேறு. 'செஞ்சிக்கோட்டை' திரையில் பளிச்சென்று தெரியும், தேடினால் கிடைக்காது. அந்தத் தோல்வியையும் 'ஈ' மறைத்துவிடும். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதிதான். ஆகவே, இரண்டாகப் பிரிந்த குறிகளை முதலில் ஒன்றாக்கிவிடுவது அவசியம்.

இவற்றைவிட நல்ல வழி விம்முக்குள்ளேயே இருக்கிறது. 'விம்கிரெப்' மூலம் சொல் இருக்கும் கோப்புகளைப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலில் உள்ள கோப்புகளில் மட்டும் திருத்தத்தைச் செய்யும் 'சிஎஃப்டூ' கட்டளையை ஓட்டலாம். பட்டியலைப் பார்த்தாலே எந்தக் கோப்பு விடுபட்டது என்று தெரிந்துவிடும். சொல் இல்லாத கோப்பில் திருத்தக் கட்டளை ஓடாததால் 486 தலைகாட்டாது. அப்புறமும் நடுவில் நின்றால் அது உண்மையான கோளாறு. அங்கே நிற்பதுதான் சரி. தமிழ்க் கோப்புகளைத் திருத்துபவர்கள் 'ஆர்க்டூ'வை விட்டு 'சிஎஃப்டூ'வுக்கு மாறிக்கொள்ளலாம்.