பெட்டி அடுக்கிய வீடு

சிங்கப்பூரின் கிளமெண்டி வட்டாரத்தில் 2019இல் முடிந்த ‘த கிளமெண்ட் கேனபி’யின் இரண்டு கோபுரங்களும் 40 மாடி உயரம். சாலையிலிருந்து பார்த்தால் மற்றக் கொண்டோமினியங்களுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இது 1,866 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கி எழுப்பியது. பெட்டியின் கூடு மலேசியாவின் செனாயில் வார்க்கப்பட்டது. சிங்கப்பூரின் துவாஸுக்கு வந்ததும் உள்வேலைகள் நடந்தன. பிறகு லாரியேறி, கிரேனில் தொங்கி, தன் இடத்தில் உட்கார்ந்தது. தொழிலில் இதற்குப் பிபிவிசி என்று பெயர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் (வீவக) யீஷூனில் தொடங்கி இம்முறையில் கட்டிவருகிறது.

இதை வீடு வாங்குபவர்கள் யாரும் கேட்கவில்லை. 2014 நவம்பர் முதல், தான் விற்கும் சில நிலங்களில் இப்படித்தான் கட்ட வேண்டும் என்று அரசு நிபந்தனை விதித்தது. கட்டுமானத்தில் வெளிநாட்டு ஊழியர்களை நம்பியிருப்பதைக் குறைப்பது முக்கிய நோக்கம். அந்த ஊழியர்களில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போனவர்களும் ஏராளம். ஆள்பலத்திலும் நேரத்திலும் 40 விழுக்காடு வரை மிச்சம் என்று கட்டட, கட்டுமான ஆணையம் கணக்குச் சொல்கிறது. எடைபோடுவதை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். முறை வந்தது கட்டுபவருக்காக. வாங்குபவருக்குக் கிடைப்பது அதில் சிந்தியது.

சிந்தியதும் சாதாரணமில்லை. குளியலறை ஓடுகளை 30ஆவது மாடியில் மழைக்கும் வெயிலுக்கும் நடுவே பதிப்பதும், ஆலைக் கூரைக்கடியில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கை பழகியவர் பதிப்பதும் ஒன்றாகாது. சுவர் நேராக இருக்கும், மூலை மூலையாகவே இருக்கும். பெட்டி வெளியேறும் முன்பே குறை கண்டுபிடித்துத் திருத்தலாம். பக்கத்துக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கும் தூசியும் இரைச்சலும் குறைவு. உயரத்தில் நின்று செய்யும் வேலை குறைவதால் ஊழியருக்கும் ஆபத்து குறையும்; ஏறத்தாழ 30 டன் பெட்டி தலைக்கு மேல் ஆடும் அந்தச் சில நிமிடங்கள் தவிர.

விலை கொடுக்க வேண்டியிருப்பது சுவரில். கான்கிரீட் பெட்டியில் சுவர்தான் பாரம் தாங்குகிறது. இரண்டு பெட்டிகள் அருகருகே உட்காரும்போது இரண்டு சுவர்கள் சேர்கின்றன. இடைவெளியில் கலவை ஊற்றி ஒன்றாக இறுக்கிவிடுகிறார்கள். அதன்பின் அதை இடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. சிங்கப்பூரில் வீடு வாங்கியதும் சுவரைத் தட்டிக் கூடத்தை அகலமாக்குவது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. சமையலறையைத் திறப்பார்கள், இரண்டு சிறிய அறைகளை ஒன்றாக்குவார்கள், தாத்தா பாட்டி வந்தால் மறுபடி பிரிப்பார்கள். பெட்டி வீட்டில் குடும்பம்தான் வீட்டுக்கு ஏற்ப வளைய வேண்டும். இரட்டைச் சுவர் தின்னும் இடத்துக்கும் சதுர அடிக் கணக்கில் காசு உண்டு என்பதை விற்பனை முகவர் தானாகச் சொல்லமாட்டார். அறையின் அகலமும் ஓரளவு சாலை விதிகளின் கையில் இருக்கிறது: லாரியில் போக முடியாத அகலத்தில் பெட்டி செய்ய முடியாது.

எஃகுச் சட்டகப் பெட்டிகள் இதில் கொஞ்சம் தாராளம். பாரம் தூண்களில் இறங்குவதால் நடுச் சுவரை நகர்த்த வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கே தீப்பாதுகாப்பும் துருவும் கவலை.

‘பெட்டி’ என்றதும், பழுதானால் கழற்றி மாற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தோக்கியோவில் 1972இல் எழுந்த நகாகின் கேப்சூல் கோபுரம் அந்த எண்ணத்தில் கட்டப்பட்டதுதான். அதன் 140 அறைகளை 25 ஆண்டுக்கொருமுறை மாற்றுவதாக ஏற்பாடு. ஒன்றுகூட மாற்றப்படாமல் 2022இல் கோபுரம் இடிக்கப்பட்டது. சிங்கப்பூரில் கழற்றும் உத்தேசமே கிடையாது. அதனால் இணைப்பில் கசிவு வந்தால், தண்ணீர் எந்தப் பெட்டியில் நுழைந்து எந்தப் பெட்டியில் சொட்டுகிறது என்று தேடுவதே பெரும்பாடு. தனியார் வீட்டில் குறை திருத்தும் பொறுப்புக் காலம் சாவி வாங்கியதிலிருந்து 12 மாதம். மழைக்காலம் ஒன்று முழுதாகக் கழியும்வரை மூலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

வேகத்தையும் ஒரேயடியாக லாபக் கணக்கில் எழுத முடியாது. கட்டி முடிக்காத தனியார் வீட்டுக்குப் பணம் வேலையின் கட்டங்களைப் பொறுத்துப் போகிறது: அடித்தளத்துக்கு 10 விழுக்காடு, கான்கிரீட் சட்டகத்துக்கு 10, சுவருக்கு 5, கூரைக்கு 5, கதவு, குழாய், மின்கம்பி வேலைக்கு 5. ஒவ்வொன்றாக முடியும் வேலைக்காக வகுத்த அட்டவணை இது. பெட்டியோ சுவரையும் கூரையையும் கதவையும் ஒன்றாகவே கொண்டு வருகிறது. தவணைகள் நெருங்கி வரும். வாடகை வீட்டில் இருப்பவருக்குச் சீக்கிரம் குடிபோவது ஆதாயம். பழைய வீட்டை விற்றுப் பணம் புரட்டுகிறவருக்கு அதே வேகம் நெருக்கடி.

அந்த வேகத்துக்கும் உத்தரவாதமில்லை. 2020இல் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாடு விதித்தது. சிங்கப்பூரில் ஊழியர் விடுதிகளில் கொரோனா பரவி வேலை நின்றது. ஆளைக் குறைத்தோம் என்றாலும், செனாய் ஆலையும் துவாஸ் ஆலையும் ஆளில்லாமல் ஓடவில்லை.

கட்டுபவர் மிச்சப்படுத்தும் நேரம் விலையில் இறங்குகிறதா என்றால், தொடக்கத்தில் பிபிவிசி வழக்கமான முறையைவிட அதிகச் செலவு பிடித்தது. பிறகு இடைவெளி சுருங்கியது. எப்படியானாலும் சிங்கப்பூரில் கொண்டோமினியத்தின் விலையை முதலில் தீர்மானிப்பது நிலமும் சந்தையும். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்பது கேட்கும் விலையில் தெரியும்; சுவரை இடிக்க முடியாது என்பது தெரியாது. அதற்குத் தள்ளுபடி கேட்டுப் பேரம் பேசுகிற வாங்குபவரை நான் இன்னும் பார்க்கவில்லை. வரைபடத்தில் பாரம் தாங்கும் சுவர்களைச் சிவப்பில் குறித்துத் தரச் சொல்லி, அதற்குப் பிறகு முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.