ஏழடுக்கு மலையும் ஒரு மாணவனின் மனமாற்றமும்

சமயம் மாறியோர் எழுதும் தன்வரலாறுகளுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அடைந்த ஒளியைப் போற்றும் ஆர்வத்தால், வந்த வழி முழுவதையும் இருளாகவே காட்டிவிடுதல் அது. சமணத்தில் கழிந்த காலத்தை எண்ணி இரங்கும் அப்பரடிகளின் பதிகங்களில் அச்சமயத்தார்மேல் எழும் கடுமையைத் தமிழ் மாணவர் நன்கறிவர். அமெரிக்கத் துறவி தாமஸ் மெர்ட்டன் 1948இல் வெளியிட்ட 'ஏழடுக்கு மலை' என்னும் நூலையும் இவ்வுரைகல்லில் வைத்துத் தேய்த்துப் பார்த்தல் தகும்.

1915இல் பிரான்சில் பிறந்து, இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, கேம்பிரிட்ஜில் ஓராண்டைப் பாழாக்கி, நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவன் மெர்ட்டன். 1938 நவம்பர் 16ஆம் நாள் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றபோது அவனுக்கு வயது 23. உடனிருந்த நண்பர்களுள் ஒருவரே கத்தோலிக்கர், அவரே ஞானத்தந்தையானார். ஏனையோர் யூதர்.

இம்மனமாற்றத்தை நூல்களே நிகழ்த்தின என்பதுதான் ஆசிரியர்களுக்குச் சுவையான செய்தி. 1937இல் இடைக்காலத் தத்துவம் பற்றி எத்தியேன் ழீல்சோன் எழுதிய நூலை அவன் கடையில் வாங்குகிறான். இரயிலில் விரித்தால் முதற்பக்கத்தில் திருச்சபையின் ஒப்புதல் முத்திரை! ஏமாற்றப்பட்டதாகச் சினந்து, சன்னல் வழியே எறிந்துவிட எண்ணுகிறான். எனினும் படிக்கிறான். இறைவன் பிறிதொன்றால் ஆகாமல் தன்னாலேயே உள்ளவன் என்னும் கருத்து அவனைப் பற்றிக்கொள்கிறது. எண்குணங்களுள் தன்வயத்தனாதல் என்று பரிமேலழகர் குறிப்பதற்கு இஃது அணுக்கமானதன்றோ? அருவமான ஒரு கருத்து இளைஞன் ஒருவனின் உள்ளத்தை அசைப்பதை இத்துணை உயிர்ப்போடு காட்டும் பக்கங்கள் தன்வரலாற்று இலக்கியத்தில் மிகுதியில்லை. கவிஞர் ஹாப்கின்ஸ் ஆக்ஸ்போர்டு மாணவராய் இருந்தபோது, 1866இல், நியூமனை நாடிக் கத்தோலிக்கரான வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தவன், நூலை வைத்துவிட்டு மழையில் குருவைத் தேடிப் புறப்படும் இடமும் அத்தகையதே. ஒரு மாணவனின் துணிவு எழுபது ஆண்டு கடந்து இன்னொரு மாணவனை எழுப்புகிறது.

ஆயினும் நூலின் உயிர்நாடியான நிகழ்ச்சி வேறு. 1938இல் மகாநாமவிரத பிரமச்சாரி என்னும் வங்கத்து வைணவத் துறவியை மெர்ட்டன் சந்திக்கிறான். சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். கீழைநாட்டு ஞானத்தை நாடிய அம்மாணவனிடம் தம் சமயத்தை அவர் புகுத்தவில்லை. அகுஸ்தீனாரின் தன்வரலாற்றையும் 'கிறிஸ்துநாதர் அநுசார'த்தையும் படிக்கும்படி கூறினார். மாணவனுக்கு அவனது மரபிலேயே வழிகாட்டிய அப்பண்பு பெரிது!

இத்துறவியை அன்போடு தீட்டிய அதே கைதான், சில பக்கங்களுக்குள், கீழைநாட்டு மறைஞானம் பெரும்பாலும் பயனற்றதென்று தள்ளுகிறது. அதனைத் தக்க முறையில் ஆராய்ந்தமைக்கான சான்று எதுவும் நூலில் இல்லை. கேம்பிரிட்ஜின் மேலும் பிற கிறிஸ்தவ சபைகளின் மேலும் காட்டும் ஏளனத்திற்காவது சொந்தப் பட்டறிவு உண்டு. இதற்கு அதுவும் இல்லை. புதிதாய் மனம் மாறியவரின் வேகம் என்று இதனை மன்னிக்கலாம். ஆனால் வழி காட்டியவரின் விளக்கையே பழித்த குறை, கலை நோக்கிலும் குறையே. பிரமச்சாரி தோன்றும் பகுதியின் ஒளியை அது மங்கச் செய்கிறது. இங்கிலாந்துப் பதிப்பிற்காக நூலைச் சுருக்கிய நாவலாசிரியர் எவலின் வா நடையைத்தான் இறுக்கினார். இக்குறை நடையைச் சார்ந்ததன்று.

மெர்ட்டன் இதனை உணராமல் இல்லை. 1963இல் சப்பானிய மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், துறவு பூண்ட முடிவில் மாற்றமில்லை என்றும், இன்று எழுதினால் வேறுவிதமாக எழுதக்கூடும் என்றும் குறித்தார். நூலை அவர் திருத்தவில்லை. 1968இல் ஆசியாவிற்கு வந்தவர், தர்மசாலையில் தலாய் லாமாவோடு உரையாடினார்; மாமல்லபுரம் கண்டார்; பொலன்னறுவையின் புத்தர் சிலைகள்முன் மெய்ம்மறந்து நின்றார். அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள் பாங்காக்கிற்கு அருகில் இறந்தார். மடத்தில் நுழைந்து சரியாக 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பயணத்தின் நாட்குறிப்புகள் 1973இல் நூலாயின. பிரமச்சாரிக்குரிய கடனை அவற்றில்தான் காண முடிகிறது.