'மறக்கப்பட்டோர்' திரைப்படமும் அதன் கண்டனகாரரும்

லூயிஸ் புனுவலின் 'மறக்கப்பட்டோர்' 1950ஆம் ஆண்டின் இறுதியில் மெக்ஸிக்கோ நகரில் திரையிடப்பட்டுச் சில நாட்களிலேயே அரங்கினின்றும் அகற்றப்பட்டது. தெருச் சிறுவரின் கொலையையும் களவையும் காட்டி நாட்டை இழிவுபடுத்தினார் எனப் பத்திரிகைகள் சாடின. ஸ்பெயினிற் பிறந்த நெறியாளரை நாடுகடத்துமாறும் குரல்கள் எழுந்தன.

வறுமையைக் காட்டியமையே குற்றம் எனக் கொள்வதற்கில்லை. 1948இல் வெளிவந்த 'நாம் ஏழைகள்' என்னும் மெக்ஸிக்கப் படமும் ஏழைகளைப் பற்றியதே. மக்கள் அதனைக் கொண்டாடினர். அங்கு ஏழ்மை மனிதரை நல்லவராக்கியது. புனுவலின் படத்திலோ பசித்துவரும் பேத்ரோவுக்குப் பெற்ற தாயே உணவு மறுக்கிறாள். தாய்மையைத் தெய்வமாக்கிய திரையுலகில் இக்காட்சியே பெருங்காயத்தை ஏற்படுத்தியதென நாம் கருதுகின்றோம்.

1951இல் கான் விழாவிற் கவிஞர் ஒக்ராவியோ பாஸ் இப்படத்துக்காக வாதாடினார். நெறியாள்கைக்கான பரிசும் கிடைத்தது. பின்னர் அதே நகரம் அதனை வரவேற்றது! (வெளியார் சான்றிதழுக்குக் காத்திருக்கும் இரசனை மெக்ஸிக்கோவுக்கு மட்டும் உரியதன்று.)

இடதுசாரிகள் சிலரின் தயக்கம் வேறுவகையானது: சீர்திருத்தப் பண்ணையின் அதிபரை நல்லவராகக் காட்டியது ஏன்? இவ்வினா கவனத்திற்குரியது, எனினும் அது படத்தை முற்றாக நோக்கவில்லை. அதிபர் நம்பிக்கையோடு பேத்ரோவிடம் பணங்கொடுத்து வெளியே அனுப்புகிறார். வாயிலுக்கு அப்பால் ஹைபோ அதனைப் பறித்துக்கொள்கிறான். தனிமனித நன்மை தெருவரை செல்வதில்லை. பேத்ரோ பிழைத்துப் பண்ணைக்கு மீளும் மாற்று முடிவொன்றும் படமாக்கப்பட்டிருந்தமை பிற்காலத்தில் தெரியவந்தது. திரையிடப்பட்ட முடிவில் அவனுடல் குப்பைமேட்டில் எறியப்படுகின்றது.